புதுத் தொட்டியின் தண்ணீர்: போர் தண்ணீரிலிருந்து முதல் மீன் வரை

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போய் தொட்டி, கல், ஃபில்டர், மீன் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கி, அன்று மாலையே நீர் நிரப்பி மீனை விட்டுவிட்டால், வியாழன் வாக்கில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீரோ பளிங்கு போல இருக்கும். கடையில் போய்ச் சொன்னால் ஒரு புட்டி நீல மருந்தும் ஒரு பொட்டலம் கல் உப்பும் கிடைக்கும். பெரும்பாலும் அந்த மீன்களுக்கு நோய் எதுவும் இருக்காது. தாங்கள் விட்ட கழிவிலேயே அவை மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கழிவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் இன்னும் குடியேறவில்லை என்பதுதான் விஷயம்.

சென்னைப் பக்கத்து போர் தண்ணீரையும், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 24 x 12 x 15 அங்குலத் தொட்டியையும் எடுத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்து படிப்படியாகப் பார்ப்போம். தொட்டி வேறு அளவானால் மருந்துக் கணக்கை அந்த விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர்?

24 x 12 x 15 அங்குலம் என்றால் கணக்குப்படி ஏறக்குறைய 71 லிட்டர். மேலே ஒரு அங்குலம் காலி விட்டு, அடியில் இரண்டு அங்குலம் கல் பரப்பினால் மிஞ்சுவது சுமார் 60 லிட்டர். மருந்தோ ஆப்ப சோடாவோ போடும்போது 71-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக விழும். முதல்முறை நிரப்பும்போதே அளவு தெரிந்த பக்கெட்டால் ஊற்றி எண்ணிக்கொள்ளுங்கள். வந்த எண்ணை ஒரு டேப்பில் எழுதித் தொட்டியின் பின்பக்கம் ஒட்டிவிட்டால் பிறகு குழப்பமே வராது.

படி 2: அளக்க என்னென்ன வேண்டும்?

அமோனியா (மீன் விடும் கழிவு), அதைப் பாக்டீரியா மாற்றுவதால் வரும் நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (நீரின் அமில, காரத் தன்மை) ஆகிய நான்குக்கும் சொட்டு முறை டெஸ்ட் கிட். கூடவே கேஎச் (அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் அளவு), ஜிஎச் (கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) சொட்டு கிட். ஒரு டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) மீட்டர், வெப்பமானி, 5 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. பட்டை வடிவில் வரும் ஸ்ட்ரிப்களை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் டப்பாவைத் திறந்த சில வாரங்களிலேயே அவற்றின் நிறம் தாறுமாறாகிவிடும். பல ஸ்ட்ரிப்களில் அமோனியாவுக்குப் பட்டையே கிடையாது. புதுத் தொட்டியில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

சொட்டு கிட்டிலும் ஒரு பொறி உண்டு. நைட்ரேட் சோதனையின் இரண்டாவது புட்டியில் இருப்பது எளிதில் அடியில் உறைந்துவிடும் திரவம். ஏபிஐ நிறுவனத்தின் கிட் என்றால் அந்தப் புட்டியை முழுசாக 30 விநாடி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, நன்றாகக் குலுக்க வேண்டும். சொட்டு விட்டபின் குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருந்துதான் நிறம் பார்க்க வேண்டும். சும்மா இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுச் சொட்டினால், நைட்ரேட் 80 பிபிஎம் (லிட்டருக்கு 80 மி.கி.) இருக்கும் தண்ணீரும் 5 என்று காட்டும். "என் தொட்டியில் நைட்ரேட்டே வருவதில்லை" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இந்தப் புட்டிதான்.

படி 3: வீட்டுத் தண்ணீரை ஒரு நாள் வைத்து அளங்கள்

குழாயைத் திறந்து உடனே பிஎச் பார்த்தால் கிடைப்பது பொய்க் கணக்கு. நிலத்தடி நீரில் கரியமில வாயு அழுத்தத்தோடு கரைந்திருக்கும். அது பிஎச்சைக் கீழே இழுத்து வைத்திருக்கும். ஒரு பக்கெட் போர் தண்ணீர் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பிடித்தவுடன் 7.2 காட்டிய தண்ணீர் மறுநாள் 8.2 காட்டும். தொட்டிக்குள் நிலைக்கப்போவது அந்த இரண்டாவது எண்தான்.

கேஎச் பார்ப்பது எளிது. குழாயில் 5 மி.லி. தண்ணீர் எடுத்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். முதல் சொட்டில் நீலம் வரும். விட்டுக்கொண்டே போனால் ஏதோ ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மஞ்சளாகும். அது எத்தனையாவது சொட்டோ, அத்தனை டிகிரி கேஎச். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஜிஎச்சும் இதே முறைதான். அங்கே ஆரஞ்சு பச்சையாக மாறும்.

இப்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் கவனிக்க வேண்டியவை மாறும்.

போர் தண்ணீரில் குளோரின் கவலை இல்லை. ஆனால் கடினத்தன்மை அதிகம். கேஎச் 16, ஜிஎச் 20, டிடிஎஸ் 900 என்பதை இந்த வழிகாட்டியின் மாதிரியாக வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 கடினத்தன்மையை 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது. நம் மாதிரியின் 20 டிகிரி சுமார் 360 மி.கி.; ஆக, இது ஒன்றும் அதிசயத் தண்ணீர் அல்ல. போர் தண்ணீரில் நைட்ரேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செப்டிக் டேங்க் பக்கத்தில் இருந்தாலும், வயல்காட்டுப் பகுதியானாலும் குழாயிலேயே 40, 50 பிபிஎம் வரலாம். அப்படியானால் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டைக் குறைக்கும் வழி அடைபட்டுவிடும். பிடித்து வைத்த பக்கெட் மறுநாள் செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. காற்று விட்டு, படியவிட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுங்கள். இரும்புத் துகள் செவுளில் போய்ப் படியும்.

மெட்ரோ தண்ணீரிலும் நகராட்சிக் குழாய் நீரிலும் குளோரின் இருக்கும். லாரி தண்ணீர் இன்னும் சிக்கல். லாரிக்கு லாரி கிணறு வேறு. ஒவ்வொரு முறை சம்ப் நிரம்பும்போதும் டிடிஎஸ் பார்த்துவிட்டு, போன முறையைவிட 100-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேஎச்சையும் பாருங்கள்.

அடுக்குமாடிகளில் சாஃப்ட்னர் தண்ணீர் ஒரு தனி வம்பு. பெயரில் மென்னீர் என்று இருப்பதால் மென்னீர் மீனுக்கு ஏற்றது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த இயந்திரம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்குப் பதில் சோடியத்தை விடுகிறது, அவ்வளவுதான். கண்டுபிடிப்பது சுலபம்: ஜிஎச் கிட்டில் முதல் சொட்டிலேயே பச்சை வரும், டிடிஎஸ் மீட்டரோ பழைய 900-ஐயே காட்டும், கேஎச்சும் அப்படியே இருக்கும். கால்சியமே இல்லாத உப்பு நீர் அது. கப்பிக்கும் ஆகாது, டெட்ராவுக்கும் ஆகாது. சாஃப்ட்னருக்கு முன்னால் இருக்கும் குழாய் எது என்று அசோசியேஷனில் கேட்டு, அதிலிருந்து பிடியுங்கள்.

படி 4: பிஎச்சைத் துரத்தாதீர்கள், கேஎச்சைப் பாருங்கள்

பிஎச் 8.2 என்று தெரிந்ததும் எல்லோர் கையும் "பிஎச் டவுன்" புட்டிக்குப் போகிறது. அதில் இருப்பது அமிலம். நீரிலுள்ள பைகார்பனேட், அதாவது கேஎச், அந்த அமிலத்தைப் பிடித்துக் கரியமில வாயுவாக மாற்றிவிடும். சொட்டு விட்டவுடன் பிஎச் 7-க்கு இறங்கும். இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடி அந்த வாயு வெளியேறியதும் காலையில் திரும்ப 8-க்கு வந்து நிற்கும். மறுபடி சொட்டு. இப்படி நாலு நாள் மேலும் கீழும் ஆட்டினால், 8.2-இல் சும்மா இருந்திருக்கக்கூடிய மீன்கூடச் சுருண்டுவிடும். கடைசியில் கேஎச் தீர்ந்துபோன அன்று பிஎச் சடாரென்று 5-க்குச் சரியும். மீன்கள் 8-இலும் வாழும், 7-இலும் வாழும். ஊஞ்சலாட்டம்தான் அவற்றுக்கு ஆகாது.

எனவே முதல் முடிவு மீனைப் பற்றியது. கேஎச் 16 தண்ணீர் வரும் வீட்டில் கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் வளர்த்தால் தண்ணீரில் எதையும் மாற்ற வேண்டாம். மோலிக்கு அந்தக் கடின நீர்தான் பிடிக்கும். நியான் டெட்ரா, கார்டினல், ராஸ்போரா வேண்டும் என்றால் மட்டும் ஆர்ஓ (உப்பை நீக்கி வடிகட்டிய) தண்ணீர் கலக்கும் வேலை. முதல் தொட்டிக்கு நாங்கள் முதல் வழியைத்தான் சொல்வோம். வாராவாரம் இருபது லிட்டர் தண்ணீர் கலந்து அளக்கும் பொறுமை மூன்றாவது மாதத்தில் குறைந்துவிடும். மீனுக்கு அது தெரியாது.

கலந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு இதோ. போர் தண்ணீர் கேஎச் 16, ஜிஎச் 20. ஆர்ஓ தண்ணீர் கேஎச் 1, ஜிஎச் 1, டிடிஎஸ் 40. ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்ஓ கலந்தால் கேஎச் (16+1+1+1) ÷ 4 = 4.75; ஜிஎச் (20+3) ÷ 4 = 5.75, டிடிஎஸ் சுமார் 255. மென்னீர் மீன் பலவற்றுக்கு இது சௌகரியமான இடம். கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்ஓ தான், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மீட்டரை விட்டு அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

வெறும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. "சுத்தமான தண்ணீர்" என்று ஆசையாக ஊற்றுவார்கள். அதில் அமிலத்தைத் தாங்க ஒன்றுமே இல்லை. பாக்டீரியா வேலை செய்யத் தொடங்கியதும் சில நாளில் பிஎச் விழுந்துவிடும்.

கேஎச் ஏற்ற வேண்டுமானால் ஆப்ப சோடா போதும். 100 லிட்டரில் ஒரு டிகிரி ஏற்ற 3 கிராம். நம் 60 லிட்டருக்கு 1.8 கிராம். ஒரு குவளை நீரில் கரைத்து ஃபில்டர் ஓட்டத்தில் மெல்ல ஊற்றவும். மீன் இருக்கும் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு, சலவைச் சோடா வேறு. பெயர் மயக்கத்தில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

படி 5: குளோரின்

அகலமான பக்கெட்டில் பிடித்து, ஏர் ஸ்டோனோடு 24 மணி நேரம் விட்டால் குளோரின் போய்விடும். குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) இருந்தால் அப்படிப் போகாது. அவசரத்துக்குக் கடையில் "ஆன்டி குளோரின்" என்று கிடைக்கும் படிகம் சோடியம் தயோசல்ஃபேட். 10 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்துப் புட்டியில் வையுங்கள். ஒரு மி.கி. குளோரினை முறிக்க ஏறத்தாழ 7 மி.கி. படிகம் வேண்டும். லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் உள்ள 20 லிட்டர் பக்கெட்டுக்கு 140 மி.கி., அதாவது இந்தக் கரைசலில் 1.4 மி.லி. நாங்கள் 2 மி.லி. விடச் சொல்வோம், கொஞ்சம் கூடினால் கெடுதல் இல்லை. இது குளோரினை மட்டும்தான் முறிக்கும், அமோனியாவைத் தொடாது.

குடியிருப்புகளில் ஒரு எச்சரிக்கை. சம்ப் கழுவிய நாளிலோ மழைக்காலத்திலோ வாட்ச்மேன் ஒரு படி பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போவார். அன்று குழாய் நீரில் குளோரின் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கும், 2 மி.லி. கணக்கு அங்கே நிற்காது. நீச்சல் குளத்துக்கு விற்கும் குளோரின் சோதனைச் சொட்டு ஒரு புட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளானால் அந்தத் தண்ணீரை மீன் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

படி 6: கல்லையும் சோதியுங்கள்

வாங்கிய கல்லில் ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரை கிளம்பினால் அது சுண்ணாம்புக் கல், பளிங்குச் சில்லு அல்லது கிளிஞ்சல். கப்பித் தொட்டிக்கு அது பரவாயில்லை. ஆர்ஓ கலந்த தொட்டியில் போட்டால் நீங்கள் கஷ்டப்பட்டு இறக்கிய கேஎச்சை அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருக்கும்.

படி 7: மீன் இல்லாமல் பாக்டீரியா வளர்ப்பது

இதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. மீன் செவுள் வழியாக அமோனியாவை விடுகிறது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் பெரிதாகத் தொல்லை தராது; தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்று பழைய புத்தகங்கள் எழுதின. மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் தெரியவந்தது. பெயர் எதுவானாலும், இவை தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. மெதுவாகத்தான் பெருகும்.

அவற்றுக்குச் சாப்பாடு போட ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் அமோனியம் குளோரைடு வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நவச்சாரமும் வேதியியல்படி அதேதான். ஆனால் கட்டியில் வேறென்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. பாத்திரத்துக்கு ஈயம் பூச அது போதும், தொட்டிக்கு வேண்டாம்.

3.2 கிராமை 100 மி.லி. நீரில் கரையுங்கள். இந்தக் கரைசல் 1 மி.லி. விட்டால் 10 லிட்டரில் அமோனியா 1 பிபிஎம் ஏறும். நம் 60 லிட்டருக்கு 2 பிபிஎம் வேண்டும், ஆக 12 மி.லி.

முதல் நாள்: ஃபில்டரும் ஏர் பம்பும் ஓடட்டும், விளக்கு அணைந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் பாசிதான் முதலில் வளரும். 12 மி.லி. விட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளந்து 2 பிபிஎம் வந்ததா என்று பாருங்கள். நம் ஊரில் 28 முதல் 30 டிகிரி தானாகவே இருக்கும். ஊட்டி, கொடைக்கானலில் மட்டும் ஹீட்டர் வேண்டும்.

இரண்டாம் நாளிலிருந்து நாலைந்து நாளில் தண்ணீர் பால் கலந்தது போல மங்கலாம். அது வேறு வகை பாக்டீரியா; தானே தெளியும். தண்ணீர் மாற்றவும் வேண்டாம், மருந்து ஊற்றவும் வேண்டாம்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அமோனியா பாருங்கள். முதல் வாரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் 2 என்பது 1 ஆகும், நைட்ரைட் குழாயில் ஊதா நிறம் தலைகாட்டும். அமோனியா 0.5-க்குக் கீழே வந்ததும் இரண்டாவது 12 மி.லி. இங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள். 1 பிபிஎம் அமோனியா 2.7 பிபிஎம் நைட்ரைட்டாகும். இரண்டு தவணைக்கே நைட்ரைட் 10-ஐத் தாண்டிவிடும், கிட்டின் அட்டையோ 5-இல் முடிந்துவிடும். எனவே இரண்டாவது தவணைக்குப் பிறகு 6 மி.லி.யாகக் குறைத்து, அமோனியா பூஜ்யமாகும் நாளில் மட்டும் விடுங்கள். நைட்ரைட் நாள்கணக்கில் அட்டையின் கடைசி நிறத்திலேயே நின்றால் பாதித் தண்ணீரை மாற்றலாம். பாக்டீரியா ஸ்பாஞ்சில் இருப்பதால் அது போய்விடாது. நைட்ரைட் பூஜ்யமாகும்வரை நைட்ரேட் சோதனையை நம்ப வேண்டாம். கிட் இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும்.

மூன்றாவது முதல் ஐந்தாவது வாரத்துக்குள் ஒரு நாள் நைட்ரைட் திடீரென்று காணாமல் போகும். நேற்று வரை கரும் ஊதா, இன்று வெளிர் நீலம். அன்று முழு 12 மி.லி. விட்டு 24 மணி நேரம் கழித்து அளங்கள். அமோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று அடுத்தடுத்து மூன்று நாள் வந்தால் தொட்டி தயார்.

ஆறு மாதம் நன்றாக ஓடும் தொட்டி யாரிடமாவது இருந்தால் அவர்கள் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். அந்தத் தொட்டி நீரிலேயே நனைய வைத்து, ஓரிரு மணி நேரத்துக்குள் உங்கள் ஃபில்டரில் சொருகிவிட்டால் ஐந்து வாரம் பத்து நாளாகச் சுருங்கும். நோய் உள்ள தொட்டியிலிருந்து மட்டும் வாங்காதீர்கள். புட்டியில் விற்கும் பாக்டீரியா சில வேலை செய்யும். ஆனால் இந்த நுண்ணுயிர்கள் வித்தாகி உறங்கும் வகை அல்ல. மே மாத வெயிலில் கடை ஜன்னலோரம் நின்ற புட்டியில் என்ன உயிர் மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடுவில் நின்றுபோனால்

அமோனியாவோ நைட்ரைட்டோ பத்து நாளாக அசையவில்லை என்றால் முதலில் கேஎச் பாருங்கள். பாக்டீரியா ஒவ்வொரு 1 பிபிஎம் அமோனியாவைத் தின்னும்போதும் கேஎச்சில் மூன்றில் ஒரு டிகிரி கரைகிறது. ஐந்து வாரத்தில் மொத்தம் 20 பிபிஎம் போட்டிருந்தால் 6.6 டிகிரி காலி. கேஎச் 16 உள்ள போர் தண்ணீர் இதைக் கண்டுகொள்ளாது. ஆர்ஓ கலந்து 4.75-இல் தொடங்கிய தொட்டியோ நடுவழியிலேயே வற்றிவிடும். பிஎச் 6-க்குக் கீழே போகும், பாக்டீரியா வேலையை நிறுத்தும். ஆர்ஓ கலக்கப் போகிறவர்களும் இந்தக் கட்டத்தை நேர் போர் தண்ணீரிலேயே முடித்து, மீன் விடுவதற்கு முந்தைய நாள் தண்ணீரைக் கலந்த நீராக மாற்றிக்கொள்வது எங்களுக்குப் பிடித்த வழி.

கேஎச் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் மருந்து. யாராவது மெத்திலீன் நீலமோ ஆன்டிபயாட்டிக்கோ ஊற்றினார்களா? இவை இந்தப் பாக்டீரியாவையும் தாக்கும். அதுவும் இல்லையென்றால் பாஸ்பேட் குறைவாக இருக்கலாம். இரண்டு விரல் கிள்ளு மீன் தீவனம் போட்டால் நகர ஆரம்பிக்கும்.

ஏற்கெனவே மீன் விட்டாயிற்றா?

பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் இருப்பார்கள். முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். கிட் காட்டுவது மொத்த அமோனியா. அதில் விஷ வடிவம் எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரியில், பிஎச் 7 என்றால் 0.8%, பிஎச் 8 என்றால் 7.5%, பிஎச் 8.5 என்றால் 20%. அதே 1 பிபிஎம், ஒரு வீட்டில் மீனைத் தொந்தரவு செய்யாது, இன்னொரு வீட்டில் கொல்லும். கடின நீர்க்காரர்கள் 0.5-ஐத் தாண்டவே விடக்கூடாது.

தினமும் அளந்து, 0.5 வந்த அன்றே 40% மாற்றுங்கள். குளோரின் போன, அதே வெப்பநிலைத் தண்ணீராக இருக்கட்டும். ஏர் பம்பை நிறுத்தவே கூடாது. 30 டிகிரியில் நீர் தாங்கும் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 7.6 மி.கி. மட்டுமே. தீவனத்தைப் பாதியாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். 35% புரதம் உள்ள ஒரு கிராம் தீவனம் சுமார் 32 மி.கி. அமோனியாவாகிறது. 60 லிட்டரில் அது 0.5 பிபிஎம், ஒரே கிராம், ஒரே நாள்.

நைட்ரைட் ஏறும்போது செவுள் பழுப்பு நிறமாகும். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போவதன் அடையாளம் அது. இங்கேதான் கல் உப்புக்கு உண்மையான வேலை. குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழையவிடாமல் போட்டிபோடும். 60 லிட்டருக்கு 6 கிராம், கரைத்து ஊற்றவும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் திரும்பச் சேர்க்கவும். அமோனியாவுக்கு உப்பு மருந்தல்ல. கடைக்காரர் சொன்னாரென்று பொட்டலத்தை முழுசாகக் கொட்ட வேண்டாம்.

படி 8: மீன் வரும் நாள்

முந்தைய நாள் 70 முதல் 80% தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 20-க்குக் கீழே கொண்டுவாருங்கள். கல்லைக் கிளற வேண்டாம். முதல் தவணை ஆறு ஆண் கப்பி போதும். இரண்டு வாரம் அளந்து, அமோனியா பூஜ்யத்திலேயே நின்றால் அடுத்த ஆறு. ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கினால் இரண்டு மாதத்தில் உங்கள் கணக்கைக் கப்பியே மாற்றிவிடும். தங்க மீனை இந்த அளவுத் தொட்டிக்கு யோசிக்கவே வேண்டாம்.

பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு வாய் திறந்து ஒரு டம்ளர் தொட்டி நீர், பத்து நிமிடம் கழித்து இன்னொன்று, மொத்தம் நாலு முறை. கடை நீரின் டிடிஎஸ் உங்கள் நீரைவிட வெகுவாக வேறுபட்டால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். மீனை வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. வெளியூரிலிருந்து ஒரு நாள் பயணம் செய்து வந்த பையானால் கதை வேறு. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். திறந்ததும் அது ஏறும், அதோடு பையில் சேர்ந்த அமோனியா விஷமாகும். அங்கே அரை மணி நேரம் தாமதிப்பதுதான் ஆபத்து. வெப்பம் சரியானதும் உடனே மாற்றிவிடுங்கள்.

முதல் மூன்று மாதம்

வாரம் ஒருமுறை 25% நீர் மாற்றம். 60 லிட்டருக்கு 15 லிட்டர். முதல் மாதம் வாரம் இருமுறை அமோனியா, நைட்ரைட். பிறகு வாரம் ஒருமுறை நைட்ரேட், மாதம் ஒருமுறை கேஎச். நைட்ரேட் 40-ஐத் தாண்டினால் தீவனம் அதிகம் அல்லது மீன் அதிகம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போர் தண்ணீரைக் கட்டாயம் மறுபடி அளங்கள். கோடையில் 900 டிடிஎஸ் இருந்த கிணறு மழைக்குப்பின் வெகுவாக இறங்கலாம். கடலோரத்தில் கோடை முற்றும்போது உப்பு ஏறலாம். குழாய் மாறவில்லை, தண்ணீர் மாறிவிட்டது. வித்தியாசம் பெரிதென்றால் 25%-க்குப் பதில் மூன்று நாளுக்கு ஒருமுறை 10% என்று பிரித்து மாற்றுங்கள்.

கரண்ட் போனால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் சில மணி நேரம் தாங்கும். மூடிய டப்பா வடிவ கேனிஸ்டர் ஃபில்டரில் பாக்டீரியா ஆக்ஸிஜன் இல்லாமல் சாகும். நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாமல், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை கழுவினால் போதும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து, அதில் நாலைந்து முறை பிழியுங்கள். காப்பி டிகாக்‌ஷன் மாதிரி பழுப்புச் சாறு வரும். நீரோட்டம் திரும்பினால் நிறுத்திவிடுங்கள். வெள்ளையாகும்வரை கசக்க வேண்டாம். குழாயடியில் பிடித்துக் கழுவினால் அந்தக் குளோரின் ஐந்து வார உழைப்பை அடித்துக்கொண்டு போகும், மறுபடி படி 7-இல் நிற்பீர்கள், இந்த முறை மீன்களோடு.